மீன்தொட்டியில் இருபத்தொன்பது டிகிரி

நம் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். காலை வணக்கத்துக்கும் முட்டிவலித் தைலத்துக்கும் நடுவில் வந்ததால் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். செராஸில் அவருடைய பேரன் வைத்திருக்கும் மீன்தொட்டி. "ஹீட்டர்ல லைட் எரியுது, ஆனா மீன் மூலையிலயே நிக்குது. ஹீட்டரை மாத்தணுமா?" என்று கேட்டிருந்தார். நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஒருவர் கும்பிட்டார். இன்னொருவர், "இந்த ஊர் வெயில்ல மீனுக்கு ஹீட்டரா லா" என்று சிரித்து வைத்தார். அந்தக் குழுவில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அங்கே எழுதினால் பாதியில் தாண்டிப் போய்விடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், காப்பியைக் கலந்துகொண்டு வந்து உட்காருங்கள்.

ஹீட்டர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. டாக்டர், வக்கீல், ஜோசியக்காரர் யார் எதிரில் வந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம், பதின்மூன்று வயதில் நான் ஃபார்ம் ஒன் படித்த வருஷக் கடைசியில் பெய்த மழை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒரு கிளினிக்கில் ட்ரெஸர். ஊசி போடுவது, கட்டுப் போடுவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு சுட்டாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அம்மா வீட்டில் இருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். அவளும் நானும் ஒரே அறையில் படுப்போம். வேலை முடிந்து வந்த பிறகும் அவள் காதோரத்தில் ஹெட்ஃபோன் அழுத்திய தடம் சிவப்பாக இருக்கும். நான் அதை விரலால் தேய்த்துவிடுவேன். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் துணியில் சுற்றி டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அத்தைதான். அம்மாவுக்கு நிற்கக்கூட முடியவில்லை. ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான். இருதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு அது புரிந்தது. அம்மாவுக்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. மூன்று மாதம் வாயே திறக்காமல் இருந்தாள். பிறகு ஒருநாள், வாசல் தொட்டியில் அத்தை வைத்த கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனதைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்தக் கைக்கு ராசி இல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அத்தை தயிருக்கு உறை ஊற்றக் கூடாது, ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. யாரும் சட்டம் போடவில்லை. அம்மா பாத்திரத்தை மெதுவாக வாங்கிக்கொள்வாள், அத்தையும் மெதுவாகக் கொடுத்துவிடுவாள். இன்று நினைத்தால் அந்த நிதானம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

தீபாவளி சமயத்தில் அம்மா மறுபடி முழுகாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே சமயத்தில்தான் அத்தை மீன் கொண்டுவந்தாள். எக்ஸ்சேஞ்சில் அவளுடைய சூப்பர்வைசர் மாற்றலாகிப் போகும்போது தொட்டி, ஸ்டாண்டு, ஹீட்டர், ஐந்து டிஸ்கஸ் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். டிஸ்கஸ் பார்த்திருப்பீர்கள். காப்பி சாசர் மாதிரி வட்டமாக, தட்டையாக, உடம்பெல்லாம் நீலக் கோடு. எந்நேரமும் ஏதோ குறை சொல்லப் போவது மாதிரி முகத்தை வைத்திருக்கும். நம் குழாய்த் தண்ணீரின் சூடு அதற்குப் போதாது. மழைக்காலத்தில் இருபத்தொன்பது டிகிரியாவது வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போய் மூலையில் சாய்ந்துவிடும். மேலே சிரித்தாரே ஒருவர், அவருக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

"எதுக்கு அத்த இந்த வம்பு?" என்று கேட்டேன்.

"இந்த வீட்டுல என் கையால ஒண்ணு வளரணும் பாப்பா," என்றாள். "அதை உங்கம்மா பாக்கணும்."

முதல் ஹீட்டர் ஒரு வாரம்கூட வரவில்லை. அத்தை தொட்டியைக் கழுவுவதற்காகத் தண்ணீரைப் பாதிக்கு இறக்கினாள். பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டாள். கண்ணாடிக் குழாய் வெளியில் நின்று காய்ந்துகொண்டிருக்க, ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாள். டப்பென்று குறுக்கே வெடித்தது. அன்றிலிருந்து இன்றுவரை என் சட்டம் இது: தண்ணீர் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் சும்மா இரு. சும்மா இருக்க முடியாதவர்கள் மீன் வளர்க்கக் கூடாது.

இரண்டாவது ஹீட்டரில் நாலாம் நாளே கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. மேலே இருக்கும் ரப்பர் மூடி சரியாகப் பிடிக்கவில்லை. அதை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்றார் அப்பா. நான் அதற்குள் தொட்டிக்குள் விரலை விட்டு, சுருக்கென்று ஷாக் வாங்கி, வீடு அதிரக் கத்தியிருந்தேன். உள்ளே ஈரம் பார்த்த ஹீட்டரைக் காயவைக்காதீர்கள். குப்பையில் போடுங்கள். பிளக்கைப் பிடுங்காமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள், எனக்குக் கிடைத்தது போதும்.

"பாத்தீங்களா," என்றாள் அம்மா, அப்பாவிடம்.

மூன்றாவது ஹீட்டர் நல்ல ஹீட்டர். அந்தக் காலத்து ஹீட்டரில் நம்பர் கிம்பர் எதுவும் கிடையாது. உச்சியில் ஒரு திருகு, உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். திருகைத் திருப்பிவிட்டு, தண்ணீரில் மிதக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து, கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தெர்மாமீட்டர் என்று வந்ததும் அப்பா உள்ளே நுழைந்துவிட்டார். அது அவருடைய சாமான் அல்லவா. தினமும் காலையில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தொட்டியிடம் வருவார், தெர்மாமீட்டரை வெளியே எடுப்பார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார், தண்ணீரில் திரும்ப விட்டு ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு வார்டில் சொல்கிற குரலிலேயே சொல்வார்:

"இருபத்தொன்பது. நார்மல்."

மீன்கள் நார்மலாக இல்லை. மழை விடாமல் பெய்தது. தண்டவாளத்துப் பக்கத்திலிருந்து ஈரக் காற்று வந்து ஹாலையே குளிர வைத்தது. மீன்களின் நீலக்கோடு மங்கி, உடம்பு புகை பிடித்த சட்டி மாதிரி ஆனது. தீனி போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிவதைவிட அணைந்திருப்பதே அதிகம். அத்தை தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, தண்ணி சில்லுன்னு இருக்கு."

"உன் கை சில்லுன்னு இருக்கும். தெர்மாமீட்டர் பொய் சொல்லாது."

ஒருநாள் அது முப்பத்தொன்று காட்டியது என்று அப்பா திருகை இன்னும் குறைத்துவிட்டார். "மீனை அவிச்சிடாதம்மா" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனார். அந்த வாரம் இரண்டு மீன் செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மிச்சம் ஒரே ஒரு ஜோடி.

மூன்றாவது மீனைக் கொல்லையில் புதைத்துவிட்டு நானும் அத்தையும் பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் அம்மா அப்பாவிடம் பேசியது கேட்டது.

"அந்த ரெண்டும் போச்சுன்னா அவ கிள்ளானுக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். பிள்ளை பொறக்கறப்ப இங்க வேணாம். எனக்குப் பயமா இருக்குங்க."

அத்தை குழாயை மூடிவிட்டு, என் பாதத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை.

அந்த ஜோடி செத்தால் அத்தை போய்விடுவாள். பதின்மூன்று வயதில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை இருக்கவில்லை. பள்ளி லீவு ஆனதால் காலையிலிருந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அத்தையின் கை சில்லென்று சொல்கிறது, தெர்மாமீட்டர் நார்மல் என்று சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். எனக்கு அத்தையைத் தெரியும். தெர்மாமீட்டரைத் தெரியாது.

அந்த வருஷம் அறிவியலில் படித்ததில் எனக்கு ஞாபகம் இருந்தது ஒன்றுதான். உருகுகிற ஐஸ் எப்போதும் பூஜ்யம். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ஆனால் தெருமுனையில் ஐஸ் கச்சாங் கடை இருந்தது. அப்பா வேலைக்குப் போனதும் தெர்மாமீட்டரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, குடையும் ஒரு எவர்சில்வர் டம்ளருமாக ஓடினேன்.

"அங்கிள், வெறும் ஐஸ் மட்டும் சீவிக் குடுங்க. சிரப் வேணாம், சோளம் வேணாம், கடலை வேணாம்."

"மழையில யாருக்கு பாப்பா ஐஸ்? அப்பாவுக்குத் தெரியுமா?"

"மீனுக்கு அங்கிள்."

"மீனு ஐஸ் கச்சாங் சாப்பிடுமா? இத்தன வருஷம் எனக்கு யாரும் சொல்லவே இல்லயே லா," என்றார். சொல்லிக்கொண்டே டம்ளர் நிறையச் சீவிக் கொடுத்தார்.

அவர் மேஜையிலேயே வைத்துத் தெர்மாமீட்டரைச் செருகினேன். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். சிவப்புக் கோடு சரசரவென்று இறங்கியது. பத்து, எட்டு, ஆறு, ஐந்து, நான்கு. நான்கில் நின்றது. தட்டிப் பார்த்தேன், காத்திருந்தேன், விரல் விறைத்துப்போனது. நான்குதான். ஐஸ் தப்பாக இருக்க வழியில்லை. அப்படியானால் எங்கள் வீட்டு இருபத்தொன்பது நிஜத்தில் இருபத்தைந்து. அந்த மீன்கள் வாரக்கணக்காகக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. அத்தையின் கை சொன்னதுதான் சரி. சந்தோஷத்தில் குடையை மறந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

மத்தியானம் அத்தை வந்ததும் கூட்டிக்கொண்டு போய் மறுபடி செய்து காட்டினேன். அவள் தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் நம்பர் அச்சடித்த ஒரு காகிதப் பட்டை இருக்கும். அதன் மேல்முனை பசையால் ஒட்டியிருந்த பழுப்புத் தடம் ஓர் இடத்தில் இருந்தது. காகிதம் அதற்குக் கீழே இறங்கி இருந்தது.

"பேப்பர் வழுக்கியிருக்கு பாப்பா. கோடு சரியாத்தான் நிக்குது. நம்பருதான் எறங்கிப் போச்சு."

எப்படி இறங்கியது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே திருகைக் கொஞ்சம் கூட்டினாள். அவசரப்படவில்லை. குளிர்ந்துபோன மீனை ஒரேயடியாகச் சூடாக்கினால் அதுவே அதைக் கொன்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று செராஸ் பேரனிடம் சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல் வெள்ளைச் சட்டையோடு வந்தார். தெர்மாமீட்டரை எடுத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் அதை மேல்முனையில் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி, விசுக் விசுக்கென்று இரண்டு உதறு உதறினார். காய்ச்சல் பார்க்கும் முன் பாதரசத்தை இறக்குவதற்கு உதறுவார்களே, அதே உதறல். வருஷக்கணக்கான பழக்கம், அவர் கைக்கே தெரியாமல் நடக்கிறது. நானும் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் ட்ரெஸர் வீட்டுப் பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை உதறுவது பல் விளக்குவது மாதிரி, கண்ணில் படாது.

"முப்பது," என்றார். கை திருகுக்குப் போனது.

"அப்பா! தொடாதீங்க!"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அத்தை வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிய காலோடு நின்றாள். நான் மூச்சு விடாமல் ஐஸ் கதையைச் சொன்னேன். அப்பாவின் முகம் சிவந்தது.

"பதினஞ்சு வருஷமா தெர்மாமீட்டர் பிடிக்கிற கை இது."

"அதுதான்ப்பா," என்றேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ. பேனாவால் குழாய்க்கு வெளியே, காகிதத்தின் மேல்முனைக்கு நேராக ஒரு கோடு போட்டேன். "இப்ப உதறுங்க."

உதறினார். காகிதம் என் கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கி நின்றது. நான்கு பேரும் குனிந்து பார்த்தோம்.

அப்பா தெர்மாமீட்டரை மேஜையில் வைத்தார். பிறகு சிரித்தார். "சீப்பான சாமான் லா. புதுசு ஒண்ணு வாங்கிடலாம்." அம்மாவும் சிரித்தாள். "உங்க கை வேகம் அப்படி. ஆஸ்பத்திரிக் கையை வீட்டுல காட்டினா?" எல்லாம் முடிந்துவிட்டது. மூன்று மீன் செத்தது ஒரு சின்ன வேடிக்கையாகிவிட்டது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போனேன். பாதி வழியில் சொன்னாள்: "அண்ணன் கை பட்டா சாமான் கோளாறு. என் கை பட்டா ராசி." கோபமாகச் சொல்லவில்லை. டெலிபோனில் நம்பரைத் திருப்பிச் சொல்வது போலச் சொன்னாள். அப்பாவை நான் நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன், ஆனால் அந்த ஒரு சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மீன்கள் பிழைத்தன. தண்ணீர் நிஜ இருபத்தொன்பதுக்கு வந்த நாலாம் நாள் ஒன்று புழுவைக் கவ்வியது. பத்து நாளில் நீலக்கோடு திரும்பி வந்தது. ஜனவரியில் இரண்டும் சேர்ந்து ஒரு பூந்தொட்டியை வாயாலேயே சுத்தம் செய்து அதன்மேல் முட்டையிட்டன. குஞ்சுகள் பொரிந்ததும் நேராகப் போய்த் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டன. டிஸ்கஸ் குஞ்சு வெளித்தீனி தின்னாது, பெற்றவர்கள் உடம்பில் ஊறுவதைத்தான் தின்னும். அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு மணிக்கணக்காக அதைப் பார்த்தாள். பார்த்துப் பார்த்து அவள் முகமே மாறியது.

ஒருநாள் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் பைத்தியக்காரி. இது ராசியான கை. இந்தத் தடவை பிள்ளையை நீதான் மொதல்ல தூக்கணும்."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தை கையை உருவிக்கொள்ளவில்லை.

"வேணாம் அண்ணி. மீன் பொழச்சதால எனக்கு ராசி வந்துச்சுன்னா, நாளைக்கு ஒண்ணு செத்தா அது போயிடும். பிள்ளைக்கு ஒரு ஜுரம் வந்தா, நீங்க என் கையைத்தான் பாப்பீங்க. சொல்ல மாட்டீங்க, ஆனா பாப்பீங்க. அத என்னால தாங்க முடியாது."

"அப்படி எல்லாம் இல்ல..."

"நான் கிள்ளானுக்கு மாத்தல் கேட்டிருக்கேன் அண்ணி. கெடச்சிருச்சு. பெரியண்ணன் வீட்டுல இல்ல, தனியா ஒரு ரூம் பாத்திருக்கேன்."

அம்மா அழுதாள். நான் அதைவிடச் சத்தமாக அழுதேன். அத்தைக்காக இத்தனையும் செய்தும் அவள் போகிறாளே என்று அப்போது அவள்மேல்தான் கோபம். அவள் துரத்தப்பட்டுப் போகவில்லை, தானே நடந்து போகிறாள் என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் சாமானையும் மீன்தொட்டியையும் ஏற்ற வாசலில் லோரி வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "இருங்க அண்ணே, ஹீட்டர் ஆறட்டும்," என்று அத்தை கால் மணி நேரம் அவரைக் காக்க வைத்தாள்.

செராஸ்காரருக்கு என் பதில்: ஹீட்டரை மாற்றுவதற்கு முன் ஒரு டம்ளர் ஐஸ் வாங்குங்கள். தெர்மாமீட்டர் பூஜ்யம் காட்டினால் பிறகு ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். விளக்கு எரிந்தும், பிளக்கைப் பிடுங்கித் தொட்டால் கண்ணாடி சுடவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கும். விளக்கு அணையவே மாட்டேன் என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், அது தொட்டியைச் சூப்பாக்கிவிடும்.

மார்ச்சில் என் தம்பி பிறந்தான். அத்தை பார்க்க வந்தாள். அம்மா குழந்தையை நீட்டினாள். "இருக்கட்டும் அண்ணி, பாத்தாச்சு," என்று சொல்லிக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மாதம் ஒரு ஞாயிறு கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவனிடம் பேசுவாள், பாடுவாள், கிலுகிலுப்பையை ஆட்டுவாள், ஒருமுறைகூடத் தொடமாட்டாள். நீட்டி நீட்டி அம்மாவின் கை ஓய்ந்துபோனது.

அவனுக்குப் பதினான்கு மாதம் இருக்கும். அத்தை ஹாலில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அதை விட்டுவிட்டான். தள்ளாடித் தள்ளாடி நேராக அவளிடம் போனான். அவள் தூக்கவில்லை. அவனே அவள் முழங்காலைப் பிடித்து, ஒரு தடவை சறுக்கி, மறுபடி பிடித்து, மடியில் ஏறி உட்கார்ந்து, அவள் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். அம்மா அசையாமல் நின்றாள். அத்தை அன்று கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டாள்.